சக்கையில் முளைத்த பாரி

மலாயாவில் ஸ்கூடாய் ஆற்றங்கரை அன்னாசி ஆலைக்குப் பின்புறம், தோலும் சக்கையும் ஆள் உயரத்துக்குக் குவிந்து புளித்துக் கிடக்கும். அந்த நாற்றத்தை ஒட்டிய கடைசி லயத்து வீட்டில் சந்திரமதி இருந்தாள். கணவன் காய்ச்சலில் போன பிறகு அந்த வீட்டைத்தான் அவளுக்கு ஒதுக்கினார்கள். அதோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார்கள். எதிரே அவள் வந்துவிட்டால் பெண்கள் குடத்தோடு திரும்பிப் போவார்கள்.

பேச ஆளில்லாதவள் சக்கையோடு பேசினாள். ஆலை எறிந்ததை அள்ளிவந்து குழியிலிட்டாள்; அடுப்புச் சாம்பலைத் தூவிக் கிளறினாள். மழைக்காலம் முழுவதும் அது கொதித்து, ஆவி விட்டு, கடைசியில் சூடும் புளிப்பும் அடங்கிக் கறுத்த தூளாயிற்று. மண்ணெண்ணெய் டின்களில் அதை நிரப்பி மிளகாயும் கனகாம்பரமும் வைத்தாள். வாசலே தெரியாதபடி அவை தழைத்தன.

ஆடியில் மாரியம்மன் திருவிழா வந்தது. சுமங்கலிகளும் கன்னிப் பெண்களும் முளைப்பாரிச் சட்டிகளை ஒரே கொட்டகையில் இருட்டில் வளர்த்து, திருவிழா முடிவில் தலையில் சுமந்து ஆற்றில் விடுவார்கள். சென்ற ஆண்டு வரை முன்வரிசையில் சுமந்தவள் சந்திரமதி. இவ்வாண்டு அவளை அழைக்கவில்லை. அழைக்காவிட்டால் என்ன? பயறுக்கு அவள் நெற்றியைப் பார்க்கத் தெரியாதே! சட்டியில் தன் கறுத்த தூளை நிரப்பி, பயறு விதைத்து, மூலையில் கூடையால் கவிழ்த்து வைத்தாள். இன்னும் ஒரே ஒருமுறை, பெண்களோடு பெண்ணாக ஆற்றுக்கு நடக்க வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. கொட்டகையிலிருந்து கும்மிப்பாட்டு வரும்போதெல்லாம், இங்கே தனியாக, சத்தம் எழாமல் கைதட்டினாள்.

கொட்டகையின் கதையோ வேறு. லயத்து மாடுகளை நோய் கொண்டுபோயிருந்ததால் சட்டிகளில் இடச் சாணத்தூள் கிடைக்கவில்லை. சந்திரமதியின் செடிகளைப் பார்த்திருந்த பெண்கள், ஆலைச் சக்கையைப் பச்சையாகவே அள்ளிச் சட்டிகளில் அடைத்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆறவைக்கச் சொல்லியிருப்பாள். விரதம் பூண்டவர்கள் விதவையிடம் வாய்திறக்கலாமா! சட்டிக்குள் சக்கை கொதித்தது. விதைகள் வெந்து நாறின.

ஊர்வலத்தன்று காலை கோயில் தலைவர் சபாபதி வந்தார். வாசலுக்கு வெளியே முகத்தைத் திருப்பியபடி நின்றார். பின்னால் செல்லம், முன்பெல்லாம் சந்திரமதியோடு சேர்ந்து பாரி சுமந்தவள்.

"உன் சட்டி நல்லா வந்திருக்காமே? செல்லம் எட்டிப் பாத்துச்சாம். எடுத்து வெளிய வச்சிரு. அவ சுமக்கட்டும்."

"சுமக்கட்டும் அண்ணே. நானும் கூட நடந்து வரேன்."

"அலமாக், அட கடவுளே! தாலியறுத்தவ பாரி கூட நடக்கிறதா? சாமி குத்தமாயிடும்."

"நான் வெதச்சது குத்தமில்ல. தண்ணி தெளிச்சது குத்தமில்ல. நடந்தா மட்டும் குத்தமா? நாத்தம் புடிச்ச சக்கைகூட ஆறினா ஆத்தாளுக்கு ஆகுது. நான் இன்னும் எத்தன காலம் ஆறணும் அண்ணே?"

"அக்கா..." என்று தொடங்கினாள் செல்லம். சபாபதி முறைத்தார். தொடங்கிய வாய் மூடிக்கொண்டது.

"என் தலையிலதான் போகும். இல்லன்னா போகாது" என்றாள் சந்திரமதி.

"அப்ப வெறும் சட்டியே போகட்டும், போ!"

முளையற்ற சட்டிகளை வேப்பிலையால் மூடிக்கொண்டு ஊர்வலம் புறப்பட்டது. சந்திரமதி தன் பாரியைத் தலையிலேற்றிப் பின்னால் நடந்தாள். இடையில் ஒரு வெட்டவெளி. அவள் விரைந்தால் வரிசையும் விரைந்தது. அவள் நின்றால் அது நிற்கவில்லை. ஆற்றில் புளித்த சக்கையைக் கவிழ்த்துவிட்டு, அவளுக்கு எதிர்ப்படாமல் வேறு பாதையில் எல்லாரும் திரும்பினார்கள். திரும்பிப் பார்த்தவள் செல்லம் ஒருத்தி. அவளும் நிற்கவில்லை.

சந்திரமதி தண்ணீரில் இறங்கிச் சட்டியைச் சாய்த்தாள். வேர்கள் இறுகப் பற்றியிருந்த கறுத்த தூள் கலையவில்லை. வெளிர்ப்பச்சை முளைகளோடு மிதந்து போயிற்று.

அது வளைவில் மறையும்வரை நின்றாள். பிறகு கரையேறி, ஈரக் கைகளைத் தட்டி, கும்மிப்பாட்டைத் தொடங்கினாள். இம்முறை சத்தமாகவே தட்டினாள். எதிர்ப்பாட்டுக்கு ஆளில்லாததால் அதையும் அவளே பாடினாள்.