கோடி வேட்டி

"கோதுமை தோசையா? அதைத் தின்னு தின்னுதான் உன் பேச்சும் இந்திக்காரி பேச்சு மாதிரி ஆயிடுச்சு" என்று தம்பி கலியமூர்த்தி போனில் சிரித்தான்.

வடக்கே ஆகுர்டியில் அடுப்பின் முன் நின்றிருந்த பவுன், "காத்து எப்படிடா இருக்கு?" என்று கேட்டாள்.

"வேதாரண்யத்துக்குப் புயல் என்ன புதுசாக்கா? மாட்டை அவுத்து வுட்டுட்டு வந்து பேசுறேன்."

மாட்டை அவிழ்த்துவிட்டான். கொட்டகைச் சுவர் அவன்மேல் விழுந்தது.

சேதி வந்து சேரவே இரண்டு நாளாயிற்று. சாலையெங்கும் தென்னைகள் சாய்ந்து கிடந்ததால், யாருக்கும் காத்திராமல் எரித்துவிட்டார்கள். பவுனாலும் கிளம்ப முடியவில்லை. மகளுக்கு நிறைமாதம், சாகண் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் மருமகனைத் தவிர வீட்டில் வேறு துணை இல்லை.

உடன்பிறந்தவள் கடைசியாகக் கோடித்துணி போடாமல் தம்பி போய்விட்டான். சோற்றில் கை வைத்தாலும் அவளுக்கு அதுதான் நினைவு. பதினாறாம் நாள் காரியத்தில் அவன் படத்துக்காவது போடலாம் என்று ஊரில் சொன்னார்கள். பிம்ப்ரி கடைவீதியில் அலைந்து ஒரு வேட்டி வாங்கி, மூலையில் மஞ்சள் தடவிக் காயவைத்தாள்.

டெம்போ ஓட்டும் பக்கத்து வீட்டுக் காசிம் வேதாரண்யத்துக்குத்தான் நிவாரணச் சாமான் கொண்டுபோவதாக இருந்தான். தமிழ்ச் சங்கத்துக் கூடத்தில் மலைபோல் துணி குவிந்திருந்தது. பவுனும் காசிமின் மனைவி ஷபானாவும் பிரித்து அடுக்கினார்கள்.

"ஸ்வெட்டரைக் குடுத்திருக்காங்க பாருங்கக்கா" என்றாள் ஷபானா.

"எங்க ஊர்ல அதை மாட்டுனா அவிஞ்சு போயிடுவாங்க. எடுத்துப் போடு அந்தாண்ட."

அந்த நேரம் மகளுக்கு வலி என்று போன் வந்தது. கோடி வேட்டியோடு, காசிமின் வழிக்கென்று துண்டும் சோப்பும் போட்டிருந்த பையை மேசைமேல் வைத்துவிட்டு, "காசிம் கிட்ட குடுத்துடு" என்று சொல்லிக்கொண்டே பவுன் ஓடினாள். பொய் வலிதான். அவள் திரும்பி வருவதற்குள் டெம்போ போய்விட்டது.

பதினாறாம் நாள் காலையில் காசிம் கூப்பிட்டான். ஷபானாவும் அப்போது பவுன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பையில துண்டும் சோப்பும்தான் இருக்கு. வேட்டி இல்ல. இங்க அய்யர் வந்து உக்காந்துட்டாரு."

ஷபானா பவுனின் கையைப் பிடித்தாள். "அந்தப் பையில புதுசா ஒரு வேட்டி இருந்துச்சுக்கா. ஊருக்குக் குடுக்கத்தான் வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். மூலையில மசாலாக் கறைன்னு நெனச்சு, உள்பக்கமா மடிச்சு ஆம்பளைங்க துணிக்கட்டுல வச்சேன். எங்க வீட்டுல இதெல்லாம் பழக்கமில்லக்கா."

பவுன் போனில், "நேத்து வேட்டி யார் யாருக்குக் குடுத்தீங்க? கொஞ்சம் பாரு" என்றாள்.

காசிம் நடப்பதும் யாரிடமோ பேசுவதும் போனில் கேட்டன. எங்கோ மரம் அறுக்கும் மெஷின் ஓடியது.

"கிடைச்சிடுச்சுக்கா. மாடசாமின்னு ஒரு பெரியவர் கட்டியிருக்காரு. மஞ்சள் தெரியுது. உங்க தம்பியைத் தூக்கிட்டுப் போனவங்கள்ல இவரும் ஒருத்தராம். கேட்டா அவுத்துத் தர்றேங்கிறாரு. வாங்கவா?"

"அவருக்கு வேற இருக்கா?"

காசிம் பெரியவரிடம் விசாரித்துவிட்டுச் சொன்னான்.

"கட்டியிருந்தது சாக்கு மாதிரி ஆயிடுச்சாம். வேட்டிக்கட்டு நேத்தே தீர்ந்துபோச்சு."

"அது என்ன துணின்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியுமாம். பொணத்துக்குப் போட வேண்டியதுன்னு கையில வாங்கினப்பவே தெரிஞ்சுதாம். மானத்தை மறைக்கணும்ல தம்பிங்கிறாரு."

பவுன் கண்ணை மூடிக்கொண்டாள். படத்துக்கு அந்த ஒரு வேட்டி போதும். அதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தாள். இன்று விட்டால் இனி ஒரு நாள் இல்லை.

தம்பி மனைவி அஞ்சம்மாள் போனை வாங்கினாள். "அண்ணி, எல்லாரும் நிக்கிறாங்க. நீங்க கோடி போடாம எப்படி நாங்க முடிக்கிறது?"

"நான் போட்டாச்சு அஞ்சம்மா."

"யாருக்கு அண்ணி?"

"போட்டாச்சு. அந்தப் பெரியவர வேட்டிய அவுக்கச் சொல்ல வேணாம். அய்யரைக் காரியத்தைப் பாக்கச் சொல்லு."

அஞ்சம்மாள் அழுதாள். பவுன் அழவில்லை. போனை வைத்துவிட்டு, அருகில் அழுதுகொண்டிருந்த ஷபானாவின் தலையில் கை வைத்தாள்.