ஏழாம் மாதத்தில் நின்ற வீடு

வாசல் தூணில் பித்தளைத் தகடு அறைந்த அன்று அந்த வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாதம். ஒன்பது வருஷம் கழித்தும் அவளுக்கு ஏழாம் மாதம்தான். விக்டோரியா காலத்து வீடு அது. உச்சியில் ஒரு கோபுர அறை, பூவேலை செய்த இரும்புக் கம்பிகள், கூரையின் உட்புறம் சுண்ணாம்பில் வார்த்த திராட்சைக் குலைகள், மாடிப்படித் திருப்பத்தில் ஆள் உயரத்துக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல். தகடு கொண்டுவந்த பாரம்பரியத் துறை அதிகாரி, "இனிமே இங்க இருக்கிற எதையும் மாத்தக் கூடாது, எதுவும் வெளிய போகவும் கூடாது" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். வீட்டார் தலையாட்டிவிட்டு மறந்துபோனார்கள். வீடு மறக்கவில்லை.

அன்று வீட்டுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். மாமனாருக்கு நுரையீரல் பழுதாகி, ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கைவிரித்திருந்தார். அந்த ஒரு வாரம் ஒன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது, இருமல் மட்டும் ஓயவில்லை. அவர் மகனுக்கு, அதாவது மருமகளின் கணவனுக்கு, அன்றைக்கென்று பார்த்துப் பல்வலி. கன்னத்தில் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை. மூவரில் யார் கேட்டைத் தாண்டினாலும் கால் தானாகத் திரும்பி வாசல்படியில் வந்து நின்றது. முதலில் ஊரே கூடி வேடிக்கை பார்த்தது, அப்புறம் பழகிவிட்டது. துறை டிக்கெட் போட்டது. வந்தவர்கள் அண்ணாந்து திராட்சையைப் பார்த்தார்கள், பிறகு மருமகளின் வயிற்றைப் பார்த்தார்கள். 'தொட வேண்டாம்' என்ற பலகை இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. வீட்டின் மதிப்பு வருஷா வருஷம் ஏறியது.

ஒரு மழைக்காலத்து மத்தியானம் படிக்கட்டுக் கைப்பிடியின் மரக் குமிழ் செல்லரித்துக் கழன்று விழுந்தது. விழுந்த நொடியில், இத்தனை வருஷம் அசையாத குழந்தை புரண்டது. மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூடத்தில் மாமனார் ரத்தம் ரத்தமாக இருமினார். மகன் இருவரிடமும் மாறி மாறி ஓடினான். ஒன்றும் தோன்றாமல், பசை தடவிக் குமிழை ஒட்டிவிட்டான். குழந்தை அடங்கியது, ரத்தமும் நின்றது. வீட்டில் ஏதாவது உடைந்தால் நின்றுபோன காலம் நகரும் என்று மூவருக்கும் புரிந்துபோயிற்று.

அன்றிலிருந்து மாமனார் வண்ணக் கண்ணாடிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சுத்தியலும் இரும்புச் சாமான்களும் பூட்டுக்குள் போயின. துடைக்க அவளுக்கு மெத்துத் துணி மட்டும் கிடைத்தது. கண்ணாடியில் அவள் கொஞ்சம் அழுத்திக் கை வைத்தால் போதும், எல்லா அறைக் கதவுகளும் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். மாமனாரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவள் சாப்பிடாமல் அவர் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அவளுக்கும் அவர்மேல் பாசம் உண்டு, அதனால்தான் தன் கையைக் கண்டே அவளுக்குப் பயமாக இருந்தது.

"மாமா, எனக்கு வலி வரணும்" என்றாள் ஒரு நாள்.

"உனக்கு வலி வந்தா எனக்கு அது வந்துரும்மா." சாவு என்ற சொல்லை அவர் வாயில் வைத்துக்கொள்வதில்லை.

"அப்ப பிள்ளை பிறக்கவே வேணாமா?"

"பாக்கணும்னு எனக்கும் ஆசைதான்." நெடுநேரம் இருமினார். "பயமா இருக்கும்மா."

பார்வையாளர் வராத ஒரு விடுமுறை நாளில், மத்தியானம் அவர் கண்ணயர்ந்தபோது, மடியில் கிடந்த கைத்தடியை அவள் எடுத்தாள். கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. அவர் விழித்துவிட்டார். ஓங்கிய தடியைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். கை எட்டும் தூரம்தான், தடுத்திருக்கலாம்.

"நீலத்தை மட்டும் விட்டுரும்மா. எங்கம்மாவுக்குப் பிடிச்சது" என்றார்.

அவள் அழுதுகொண்டே சிவப்பில் அடித்தாள்.

மகனின் பல் கழன்று கையில் விழுந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. நர்ஸ் வந்து சேர்வதற்குள் படியிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது, வாய் நிறையப் பல்லும் கால்வரை முடியுமாக. மாமனார் பேத்தியைப் பார்க்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்தபடியே அவர் முடிந்திருந்தார். முகத்தில் நீல வெளிச்சம் விழுந்திருந்தது. சாயங்காலத்துக்குள் குழந்தை உள்ளே கழித்த வருஷங்களையெல்லாம் வளர்ந்து முடித்து, எழுந்து உட்கார்ந்து, வீட்டை உற்றுக் கேட்டது.

"இருமல் எங்கம்மா?" என்றது.

மருமகள் மகளின் தலையைச் சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டாள். துறைக்காரர்கள் வந்து உடைந்த கண்ணாடியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் மகளை நான்காம் வகுப்பில் சேர்த்தார்கள். படிப்பில் கெட்டி. ஆனால் இருமல் சத்தம் கேட்காமல் அவளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. அதனால் மருமகள் தினமும் பக்கத்தில் படுத்து, மகள் கண் மூடும்வரை, மாமனாரைப் போலவே இருமுகிறாள்.