சனிக்கிழமை வரைக்கும் ஒரு பேட்டரி கிரிப்

சார்பாங் அந்தச் சாமானைக் கொண்டுவந்து எங்கள் மேஜைமேல் வைத்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. பேட்டரி கிரிப். கேமராவின் அடியில் திருகிவிட்டால் உள்ளே இரண்டு பேட்டரி உட்காரும், கனமும் கூடி, கேமரா பார்க்க இரட்டை ஆளாகிவிடும். சார்பாங்கும் என் கணவன் அம்போன்சா மாதிரியே எங்கள் குமாசி ஊரில் சாவு வீட்டுப் படம் எடுக்கிறவன். சனிக்கிழமை வரைக்கும் வைத்துப் பார், பிடித்தால் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டு, நான் வறுத்து வைத்திருந்த வாழைப்பழத்தைக் காலி செய்துவிட்டுப் போனான்.

அன்று முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. கரண்ட் அடிக்கடி போகிறது, ஒரே பேட்டரியை நம்பி எப்படிப் போவது என்றான் அம்போன்சா. மறுநாள், கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது, இதில் அதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது என்றான். அதற்கும் மறுநாள், பெரிய கேமரா வைத்திருப்பவனுக்குத்தான் பெரியவர்கள் நாற்காலியை நகர்த்தி வழி விடுகிறார்கள் என்றான். ஒரு சாமானுக்கு இத்தனை காரணமா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அவன் எடுப்பதை அங்கேயே பந்தலுக்கடியில் ஜெனரேட்டர் வைத்து அச்சடித்து விற்பவள் நான். கொஞ்ச நாளாகவே படங்கள் கலங்கி வந்தன. மகளுக்கு இரண்டு மூக்கு, மருமகனுக்கு மூக்கே இல்லை. கேமரா கனமே இல்லாமல் இருக்கிறது, அதுதான் ஆடுகிறது என்பான். அந்தக் கனத்துக்குத்தான் கிரிப் கேட்கிறான் என்று எண்ணினேன். ஆடுவது அவன் கையோ என்று எனக்குச் சந்தேகம். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டான். ஃபூஃபூ உருண்டையையும் சூப்பையும் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போவான், திரும்பி வரும்போது சட்டை மாறியிருக்கும். கேட்டால் எரிந்து விழுவான். எனக்கும் அழுத்திக் கேட்கப் பயம்தான். அவனுடைய தாய்மாமனுக்கு இப்படிக் கையில்தான் தொடங்கியது. கடைசியில் யாராவது ஊட்டிவிட வேண்டியிருந்தது.

எனக்குள் ஒரு முடிவு வைத்துக்கொண்டேன். கனமான கேமராவில் படம் தெளிவாக வந்தால், குற்றம் கேமராவுடையது. கிரிப்பை வாங்கிவிடலாம். அப்போதும் கலங்கினால் குற்றம் கையுடையது. அவனை இழுத்துக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

சனிக்கிழமை, நானா பெடியாக்கோ என்ற பெரியவருடைய அக்காவின் சாவு. அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் தலைவர். தெருவையே அடைத்துப் பந்தல், சிவப்பும் கறுப்புமாய்ச் சனம், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி. நடுப்பகலில் அம்போன்சா படங்கள் பதிந்த முதல் மெமரி கார்டைக் கொடுத்தனுப்பினான். பிரிண்டரில் செருகித் திறந்தேன். படங்கள் பளிச்சென்று இருந்தன. ஒரு முகம்கூடக் கலங்கவில்லை. சந்தோஷத்தில், பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு அவள் படத்தைச் சும்மாவே கொடுத்துவிட்டேன். வாங்கிவிடலாம் என்று அவனிடம் சைகை காட்டத் தலையைத் தூக்கினேன்.

துக்கத்துக்கு வருகிறவர்கள், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களின் வரிசைக்கு வலக்கோடியிலிருந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டே போவது எங்கள் வழக்கம். நடுவில் ஒருவரையும் தாண்டக் கூடாது. முனையில் நிற்கும் போட்டோக்காரனுக்கும் உண்டு. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு எல்லோருக்கும் கை கொடுத்து, இரண்டு வார்த்தை விசாரிப்பவன் அம்போன்சா. அதற்காகவே அவனைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. இன்றைக்கு யார் கை நீட்டினாலும் அந்தப் பெரிய கேமரா அவன் கண்ணுக்கு ஏறியது. வலது கை கிரிப்பில், இடது கை லென்ஸில். இடது கையைக் கொடுப்பது ஏசுவதற்குச் சமம், அதனால் யாரும் வற்புறுத்தவில்லை. நானா பெடியாக்கோவே எழுந்து வந்து கையை நீட்டிச் சற்று நின்று பார்த்தார்.

"என்னப்பா, கைக்குழந்தை மாதிரி இறக்கவே மாட்டேங்கிற?" என்று அவன் முழங்கையைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

கரண்டும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. கையை ஒளித்துவைக்க அவனுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. படமும் பந்தல் நிழலில் இல்லை, உச்சி வெயிலில் எடுத்த படம். அந்த வெளிச்சத்தில் யார் எடுத்தாலும் தெளிவாகத்தான் வரும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரிடம் மறைக்கட்டும், என்னிடமுமா? பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக வந்த கூட்டத்தோடு வரிசையில் சேர்ந்தேன். எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்து அவன் முன்னால் நின்று கையை நீட்டினேன்.

"செர்வா, நீ எதுக்கு வரிசையில வர்ற?" என்றான் அடிக்குரலில்.

"துக்கத்துக்கு வந்திருக்கேன். கை குடு."

"கேமரா இருக்குல்ல கையில."

"கழுத்துல தொங்க விடு. எப்பவும் அப்படித்தானே."

எனக்குப் பின்னால் நின்றவர்களை ஒரு முறை பார்த்தான். பிறகு கேமராவை இறக்கிவிட்டுக் கையைக் கொடுத்தான். கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி என் கைக்குள் அது துடித்தது. இறுக்கிப் பிடித்தேன், நிற்கவில்லை. என் கோபமெல்லாம் போய்விட்டது. எப்போதிருந்து என்று கேட்டேன்.

"ஈஸ்டருக்கு முன்னாடியே. விடு செர்வா. பின்னால பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. கேமரா கழுத்தில் தொங்குகிறது, வலது கை காலியாக இருக்கிறது, எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இனி யாரும் அவனைத் தாண்டிப் போக முடியாது, அவனும் யாருக்கும் மறுக்க முடியாது. நான் நகர்ந்ததும் அடுத்தவர் கை நீட்டினார், அவருக்கடுத்தவர் நீட்டினார். ஒவ்வொருவரும் கையைப் பிடித்ததும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்கள். சார்பாங்கும் அந்த வரிசையில் இருந்தான். நானா பெடியாக்கோ எழுந்து மறுபடி வந்து, இரண்டு கையாலும் அவன் கையைப் பொத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒரு ஓரமாக நின்று நான் அழுதேன். சாவு வீடுதானே, யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வரிசை முடிந்ததும் அவன் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். கிரிப்பைக் கழற்றப் பார்த்தான், திருகு விரலுக்கு அகப்படவில்லை. நான் கை நீட்டியதும் கேமராவை என் பக்கம் தள்ளினான்.

"வாங்கிடலாம்ப்பா, உனக்கு வேணும்னா," என்றேன்.

"சார்பாங்கிட்ட திருப்பிக் குடுத்துரு," என்றான். "எல்லாருக்கும்தான் கை குடுத்தாச்சே. இனிமே இது எதுக்கு?"