மாமனார் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தாடை

1

ஒரு உண்மையை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் மாமனார் வீட்டு ஃபிரிட்ஜில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே காலுக்குப் பிறந்தது. பிறக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் நிறைய குக்கி இருந்ததால் யாரையும் எச்சரிக்க முடியவில்லை.

எப்படித் தொடங்குவது என்றுதான் நாலு நாளாக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆரஞ்சு மணம் அந்த வீட்டை ஒரு போர்வையைப் போல…

வேண்டாம். மணத்தைப் போர்வையாக்கிய கதைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தினால் மூச்சு முட்டிச் செத்துவிடுவோம்.

அறுபத்திரண்டு வயதில் அவருக்குக் காதல்…

அவசரக் குடுக்கை. முதல் வரியிலேயே குட்டு உடைந்தால் அப்புறம் நான் எதற்கு?

வெண்ணெயும் சர்க்கரையும் கலப்பது போலத்தான் வாழ்க்கையும்…

(இந்த வரி இருந்தா நான் இதோட படிக்கறதை நிறுத்திடுவேன்.)

அடைப்புக்குறிக்குள் பேசுவது என் மனைவி. நான் எதை எழுதினாலும் முதலில் அவள் கைக்குப் போக வேண்டும். அவள் பென்சிலால் எழுதுவதை நான் அழிக்கக் கூடாது. இது எங்கள் ஒப்பந்தம். இந்தக் கதையில் அவளுக்குக் கூடுதல் உரிமையும் உண்டு. கதாநாயகர் அவளைப் பெற்றவர்.

2

என் மாமனார் நாற்பது வருடம் பல் செட் செய்தவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, பின்னறையில் குனிந்து உட்கார்ந்து பல்லை உருவாக்குகிறவர். யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். "மேல் வரிசை, இடது பக்கம் நாலாவது. நம்ம வேலைதான்" என்பார்.

வீட்டில் கார் ஓட்டியவர் மாமியார். மாமா பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு வழியைத் தப்பாகச் சொல்வார். மாமியார் போய் ஐந்து வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் கார் கீழே நின்ற இடத்திலேயே நின்றது. மாமா வாரம் ஒருமுறை அதைத் துடைப்பார். துடைத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மேலே வருவார்.

(இது எனக்குத் தெரியாதே. யார் சொன்னா?)

அவரேதான். மேலே போவோம்.

அறுபது முடிந்த கையோடு, யாரிடமும் கேட்காமல் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் என்ற பேச்சையே பக்கத்தில் சேர்க்காமல் இருந்துவிட்டவர். வார்த்தையால் திட்ட மாட்டார். தன் பக்கத்து பிரேக்கை ஒரு மிதி மிதிப்பார், அவ்வளவுதான். மாமா லைசென்ஸ் தேர்வில் இரண்டு தடவை தோற்றார். இரண்டாவது தோல்வி வேண்டுமென்றே வாங்கியது என்பது என் சந்தேகம். கேட்டால், "போங்க மாப்பிள்ளை" என்று காது சிவக்கிறார்.

மூன்றாம் தடவை தேறிவிட்டார். நன்றி சொல்ல வேண்டுமே? வாழ்க்கையில் முதல்முறையாக மாவைப் பிசைந்து, ஆரஞ்சு போட்டு, சாக்லேட் போட்டு, 'நல்லா வேகட்டும்' என்று அரை மணி நேரம் ஓவனில் விட்டு, டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் காரோட்டிக்கொண்டு போகும்போது சிவப்பு விளக்கில் ஒன்றை எடுத்துக் கடித்தார். பச்சை விழுந்தபோது அவருடைய முன்பல்லில் பாதி பிஸ்கட்டில் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டு, தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று ஓடியிருப்பார்கள். மாமா பல்லையே செய்து கொடுத்தார். நிறம் ஒட்டவில்லை என்று ஐந்து தடவை வரவழைத்தார். "அஞ்சாவது தடவை கூப்பிட்டப்போ டாக்டரே என்னை ஒரு மாதிரி பார்த்தாரு மாப்பிள்ளை" என்றார் என்னிடம்.

அந்த ஐந்தாவது தடவையில்தான் டீச்சர் கேட்டிருக்கிறார்: "சார், நிறம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு என்னதான் வேணும்?"

இதற்கு மாமா என்ன பதில் சொன்னார் என்று எழுத ஒரு பக்கம் ஒதுக்கினேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லையாம். டீச்சரே, "சரி, யோசிச்சுச் சொல்றேன்" என்றாராம். பக்கம் மிச்சம்.

3

டீச்சர் யோசித்துச் "சரி" என்றார். மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் மாமாவுக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி, "பாப்பாகிட்ட மூச்சு விடாதீங்க" என்றார். நானும் விடவில்லை.

(இதுக்கு உங்களுக்கு இன்னும் தண்டனை பாக்கி இருக்கு.)

ஞாயிறன்று எங்களைக் கூப்பிட்டார். இந்த முறை ஒடிகிற பிஸ்கட் கிடையாது. வளைகிற, மெல்லுகிற குக்கி. இதற்காக ஏழு மாதம் பயிற்சி எடுத்திருந்தார். திட்டம் சுலபம்: தட்டு ஓவனுக்குள் பதினொரு நிமிடம் இருக்கும். அந்தப் பதினொரு நிமிடத்தில் மகளிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவார்.

நாங்கள் கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டோம். கதவைத் திறக்க அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளே ஃபிரிட்ஜ் கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. இதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. நீங்கள் பொருட்படுத்தினால் தப்பில்லை.

சமையலறை பல் பட்டறை மாதிரியே இருந்தது. கிராம் தராசு, மெழுகு சீவும் கத்தி, பல் அகலம் அளக்கிற கருவி. சுவரில் ஒட்டியிருந்த செய்முறைத் தாளை அவர் உரக்கப் படித்தார்:

"முதலில் அவனை நன்றாகச் சூடாக்கவும்."

"எவனைப்பா?" என்றாள் மகள்.

மாமா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சிரித்த சிரிப்பில் பாதி மாவு கீழே. தாளில் ஓவனை 'அவன்' என்று எழுதிவைத்தவர் நன்றாக இருக்கட்டும்.

ஆரஞ்சுத் தோலைச் சீவும் வேலை எனக்கு. மேல்தோல் மட்டும்தான் வேண்டும், உள்ளே இருக்கிற வெள்ளை கசக்கும் என்று நாலு தடவை சொன்னார். சீவியதை வாங்கிப் பழுப்புச் சர்க்கரையில் போட்டு விரலால் தேய்த்தார். சர்க்கரை ஈரமாகி, அறையே ஆரஞ்சானது. போர்வை இல்லை. கவனித்தீர்களா? உருக்கிய வெண்ணெய், முட்டை, கூடவே ஒரு மஞ்சள் கரு. "மெல்லுறதுக்கு இதுதான் காரணம்" என்று அந்த மஞ்சள் கருவைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மாவு ஊற நேரமாகும் என்பதால், காலையிலேயே உருட்டி ஃபிரிட்ஜில் வைத்திருந்த உருண்டைகள்தான் முதலில் ஓவனுக்குள் போயின.

பதினொரு நிமிடம் தொடங்கியது.

முதல் நிமிடம் தொண்டையைக் கனைத்தார். இரண்டாவது நிமிடம், "பாப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். அவள், "சொல்லுங்கப்பா" என்றாள். மூன்றிலிருந்து பதினொன்றுவரை பழுப்புச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிப் பேசினார்.

தட்டை எடுத்தார். "நடுவுல இன்னும் வேகலையேப்பா."

"வேகாத மாதிரி இருக்கும்போதே எடுத்துடணும் பாப்பா. மிச்சத்தைத் தட்டுச் சூடு பார்த்துக்கும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு விட்டேன்னு வை… பல்லு போயிடும்."

"யார் பல்லு?"

"பொதுவாச் சொன்னேன்."

4

இரண்டாவது தட்டுக்கு உருண்டை எடுக்க அவள்தான் ஃபிரிட்ஜைத் திறந்தாள். நான் சூடு ஆறாத ஒரு குக்கியை முழுசாக வாயில் போட்டிருந்தேன். ஓரம் மொறுமொறு, நடுவில் இழுவை, சாக்லேட் இன்னும் குழைந்து…

"அப்பா!"

அவள் கையில், உருண்டைகளுக்குப் பின்னால் இருந்து எடுத்த ஒரு பிளாஸ்டர் தாடை. மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒரு கீலில் மாட்டி, திறந்து மூடும்படி இருந்தது. பற்களுக்கு நடுவில் பாதி குக்கி.

விஷயம் இதுதான்: அது டீச்சருடைய வாய் அச்சு. ஏழு மாதமாக ஒவ்வொரு தடவை சுட்டதையும் அந்தத் தாடையில் கொடுத்துக் கடிக்க வைத்து, முன்பல்லுக்குத் தாங்குமா என்று சோதித்திருக்கிறார் மனுஷர். நாங்கள் சீக்கிரம் வந்து பெல் அடித்ததும் பதறிப்போய் ஃபிரிட்ஜில் ஒளித்துவிட்டார்.

"இது யாரோட வாய்ப்பா?"

மாமா அதை வாங்கக் கை நீட்டினார். அவள் தாடையைத் திருப்பினாள். அடியில் அவருடைய நுணுக்கமான கையெழுத்து: 'டீச்சர்'.

"எந்த டீச்சர்?"

"வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தாங்களே…"

"அவங்க பல்லு எதுக்கு நம்ம ஃபிரிட்ஜ்ல?"

"அவங்க… நாங்க…" தாளைப் பார்த்தார்; அதில் பதில் இல்லை. "நான் அவங்களைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன் பாப்பா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்களுக்குத் தெரியுமா?"

வாய் நிறைய குக்கி. ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய விதத்தில் தலையை உருட்டினேன். ஏழு வருடத் தாம்பத்தியம், அவளுக்குப் புரிந்துவிட்டது.

5

இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று முதலில் எழுதினேன்.

(நான் அழல.)

கத்தினாள் என்று மாற்றினேன்.

(கத்தவும் இல்ல. உங்களுக்கு அந்த நேரத்துல என்னைப் பார்க்க தைரியம் இல்ல, அதனால தெரியல. நான் உருண்டைகளைத் தட்டுல அடுக்கினேன். பன்னெண்டு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மூணு விரல் இடம் விட்டு.)

ஆமாம், அதுதான் நடந்தது. அடுக்கினாள், ஓவனில் தள்ளினாள், கதவை மூடினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"கீழ. கார்ல."

"எத்தனை நேரமா?"

"மூணரைலேர்ந்து."

"அப்பா! இந்த வெயில்லயா? ஒரு மனுஷிய இப்படியா உக்கார வைப்பாங்க?" என்று திரும்பியவள், சட்டென்று நிறுத்தினாள். குரல் இறங்கியது. "எந்த சீட்ல உக்காந்திருக்காங்க?"

மாமாவுக்குக் கேள்வி புரிந்தது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

"பக்கத்து சீட்லதான். இந்தக் கார் சாவியை மட்டும் அவங்க கையில வாங்கவே மாட்டாங்க பாப்பா. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், நீங்க ஓட்டுங்களேன்னேன். ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அது உங்க வீட்டம்மா சீட்டுன்னாங்க."

ஓவன் விளக்கில் குக்கிகள் மெதுவாகப் படர்ந்துகொண்டிருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தத் தாடையை எடுத்து, ஆறிய குக்கி ஒன்றை அதற்குள் வைத்து, ஒரு கடி கடிக்க வைத்தாள். அச்சு சுத்தமாக விழுந்தது. பல் அப்படியே இருந்தது.

"நல்லாத்தான் கடிக்கறாங்க" என்றாள். "போன் பண்ணி மேல வரச் சொல்லுங்க."

மாமா போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஹலோ! ஹலோ! வேகறதுக்குள்ள வந்துடுங்க!" என்று கத்தினார். அறுபத்திரண்டு வயது ஆள் சமையலறைக்குள் அப்படிக் குதிப்பார் என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் எழுதவில்லை. ஆனால் குதித்தார்.

6

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்றில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மாமா படித்துவிட்டு, "சினிமா மாதிரி இருக்கு மாப்பிள்ளை, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார். இன்னொன்றில் டீச்சர் குக்கியைக் கடிக்க, பல் மறுபடியும் உடைகிறது. எனக்குப் பிடித்தது இதுதான். டீச்சர் போனில், "அப்படி எழுதினீங்கன்னா உங்களை நிக்க வெச்சு ரிவர்ஸ் எடுத்துடுவேன்" என்றார்.

மூன்றாவது, நடந்தது. பெல் அடித்தது. மாமா சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். என் மனைவி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். போகிறபோதே அவள் உதடுகள் எதையோ ஒத்திகை பார்த்தன. என்னவென்று கூப்பிடுவது? ஆன்ட்டி என்றால் ஒட்டாது. டீச்சர் என்றால் வகுப்பறை. சித்தி என்றால் கதைகளில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற பெயர் நமக்குத் தெரியும். அம்மா என்றால்… அது ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது.

கதவு திறந்தது. "வாங்க" என்றாள். அது தெளிவாகக் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு சொல் சொன்னாள். அதே நொடியில், வாசலையே வேடிக்கை பார்த்தபடி இரண்டாவது தட்டை எடுக்கப்போன நான், துணி பிடிக்காமல் வெறும் கையால் தொட்டு, "ஐயோ!" என்று வீடே அதிர அலறிவிட்டேன்.

என் கதையின் கடைசிச் சொல்லை நானே கத்திக் கெடுத்துக்கொண்டேன்.

டீச்சரிடம் கேட்டேன். "அது எனக்குச் சொன்னது" என்று அந்தப் பல் தெரியச் சிரித்தார். மாமாவுக்குத் தன் இதயம் அடித்த சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம். மிச்சம் என் மனைவிதான்.

(தெரியும். ஆனா இங்க எழுத மாட்டேன்.)

ஆகவே, இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ, போட்டுக்கொள்ளுங்கள்.

"வாங்க ………………"

கொஞ்சம் சீக்கிரம். பாவம், வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.