உடையை அளந்தவள்

பனிக்காலத்து மாலைப்பொழுது, பகலென்றும் இரவென்றும் பிரித்தறிய இயலாத சாம்பல் நிறத்தைப் போர்த்துக்கொண்டு அந்நகரின் கூரைகள்மேல் இறங்கி அமர்ந்திருந்தது. தோளோடு தோளுரசி நின்ற உயர்ந்த வீடுகளின் புகைபோக்கிகள் மெல்லிய புகையை மேலே விட, மேலெழுந்த புகை போக்கிடம் காணாமல் பனியோடு கலந்து மீண்டும் தெருவுக்கே திரும்பிற்று. கடைக்காரர்கள் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே விளக்கேற்ற, பணி முடித்தோர் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து விரைய, கல் பாவிய ஈரத் தெருவில் அவர்தம் காலடியோசை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கற்றறிந்த அன்பரே, அத்தெருவின் கோடியில், மேல்மாடியில், நீராவி படிந்து மங்கிய அடுக்களைச் சாளரமொன்று மஞ்சளாய் ஒளிர்வதைக் காண்பீராயின் சற்றே அங்கு நில்லும். நம் கதைக்குரியவள் அச்சாளரத்தின் உட்புறம்தான் இருக்கின்றாள்.

அடுப்பில் உலை கொதிக்க, அதன் அருகே முக்காலியிட்டு அமர்ந்து, நூலுருண்டை உருண்டோடாதபடி அதைப் பிடியுடைந்த பால்குவளையொன்றில் இட்டுவைத்து, கண்ணை உலையின்மேலும் கையைப் பின்னல் ஊசியின்மேலும் வைத்துக் கண்ணி கண்ணியாய்ப் பின்னிக்கொண்டிருப்பது அவளது அன்றாட வழக்கம். காய் வேகும் பொழுதில் ஒரு கையின் விளிம்பு முடியும். துணி உலரும் பொழுதில் ஒரு கழுத்து வளைந்து வரும். அவள் பின்னல் ஏறாத உடம்பு அவ்வீட்டில் இல்லை. கணவருக்கு மார்புச் சட்டை, கீழ்மாடியில் குடியிருந்த கணவரின் தமக்கைக்குக் காலுறை, தனக்கொரு தோள்போர்வை, மகளுக்குத் தலைமுதல் கால்வரை. அவ்வளவும் போதாதென்று தேநீர்க் கெண்டிக்கும் ஒரு குல்லாய்.

“கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் கெண்டிக்குப் போட்ட மாதிரி ஒண்ணு மாட்டி விட்டுருவா. அதுக்குப் பயந்துதான் நான் கடைக்கே ஓடிடறேன்” என்பார் கணவர். அவருக்குத் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. கேலி பேசிக்கொண்டே அவள் பின்னிய சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு இறங்கிப் போவார்.

அவள் பின்னும் முறையில் ஒரு தனித்தன்மை இருந்தது. இக்கதையின் துயரமெல்லாம் அதில்தான் ஒளிந்திருந்தது. அவள் எவர் உடம்பையும் அளப்பதில்லை. பழைய சட்டையை உண்பலகையின்மேல் விரித்து, சுருக்கம் நீக்கி, அதன்மேல் தன் கையை ஒருமுறை ஓடவிட்டு, அதையே அளவாய்க்கொண்டு புதியதைத் தொடங்குவாள். கூட்ட வேண்டுமென்றால் ஓரத்தில் சில கண்ணிகளைக் கூட்டுவாள். குறைக்க வேண்டுமென்றால் குறைப்பாள். அளவு நாடா என்ற ஒன்று அவ்வீட்டில் இருந்ததேயில்லை. கை பார்த்துச் சொல்லும் என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமன்று.

மகளுக்கு வீட்டில் வழங்கிய பெயர் மிளகு. உருவில் சிறியவள், பேச்சில் காரம் மிக்கவள் என்பதால் அத்தை இட்ட பெயர் அது. பள்ளியின் இறுதி வகுப்பில் பயின்ற அப்பெண், தாய் பின்னியவற்றைத் தோழியர் நகைப்பர் என்று சொல்லிப் பெட்டிக்குள் திணித்துவிட்டுக் கடைச் சட்டைகளையே நாடித் திரிந்த காலமும் உண்டு. அதை நினைத்துத் தாய் அடுக்களையில் மூக்கைச் சிந்திய மாலைகளும் உண்டு. அத்தகையவள் சென்ற பனிக்காலத்தில் ஒருநாள் தானே வந்து அடுப்பின் அருகே குந்தி, “அம்மா, எனக்கு ஒண்ணு பின்னித் தரியா? நல்லா தொளதொளன்னு இருக்கணும்” என்று கேட்டபோது, தாய்க்குத் தலைகால் புரியவில்லை.

பின்னிக் கொடுத்தாள். அடுத்ததற்கு, “இன்னும் கொஞ்சம் பெருசா, கை வெரல் வரைக்கும் வரட்டும்மா” என்றாள் மகள். அதற்கும் அடுத்ததற்குக் கழுத்து உயர வேண்டுமென்றாள். கீழ்விளிம்பு முழங்காலைத் தொட வேண்டுமென்றாள். ஒவ்வொரு முறையும் தாய் முந்தைய சட்டையை விரித்து, அதன்மேல் கண்ணிகளைக் கூட்டி, அகலமும் நீளமும் பெருக்கி, கணவரின் தமக்கையிடம் ஒன்றுக்குப் பத்தாய்ச் சொல்லிப் பூரித்தாள்.

“பாத்தீங்களா அண்ணி, என் கைவேலை இல்லாம இப்ப அவளுக்கு ஆகாது.”

“வளர்ற பொண்ணு. ஒரு சுத்து பெருசாவே இருக்கட்டும்” என்று அத்தையும் ஆமோதித்தாள்.

வளர்ந்தது சட்டை மட்டுமே என்பதை அவ்விருவரும் அறிந்திலர். உணவுப்பொழுதில் மிளகு தட்டின் நடுவிலிருப்பதை ஓரத்துக்கும், ஓரத்திலிருப்பதை நடுவுக்கும் நகர்த்திக்கொண்டிருந்து, படிக்க வேண்டும் என்று எழுந்து போனதையும், எந்நேரமும் குளிர்கிறதென்று அடுப்போடு ஒட்டிக்கொண்டதையும் தாய் காணாமல் இல்லை. கண்டாள், தேர்வு அச்சம் என்று தனக்குத்தானே விடை சொல்லிக்கொண்டாள். நாமும் நம் வீடுகளில் இப்படித்தானே சொல்லிக்கொள்கிறோம்?

தலைவலியால் அவள் படுத்துவிட்ட ஒரு விடுமுறை நாளில், மனைவிக்கு உதவுவதாக எண்ணிக் கணவர் துணி துவைக்கப் புகுந்தார். வெந்நீர் நல்லதென்றால் கொதிநீர் இன்னும் நல்லது என்பது அவர் கணக்கு. மகளின் கம்பளிச் சட்டைகளில் பெரியதை எடுத்துக் கொதிநீரில் அமிழ்த்தி, கட்டையால் அடித்து, முறுக்கிப் பிழிந்து உதறியபோது, கண்ணிகளெல்லாம் ஒன்றோடொன்று இறுகித் தடித்து, கைகள் குறுகி, அது ஒரு சிறுபிள்ளையின் சட்டையாய் அவர் கையில் தொங்கிற்று. அத்துடன் நின்றாரா என்றால் இல்லை. செய்தது தெரியக்கூடாதென்று எஞ்சிய சட்டைகளையும் தண்ணீரில் நனைத்துக் கொடியில் போட்டுவைத்தார்.

ஆனாலும் சேதி கசிய, அதைக் கேட்டு மேலேறி வந்த தமக்கை அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு விலா நோகச் சிரித்தாள். “ஏண்டா, இத இனிமே யாருக்குடா மாட்டறது? பத்து வயசுப் புள்ளைய எங்கயாவது கடன் வாங்கிட்டு வா!”

“கெண்டிக்கு மாத்துத்துணியா இருக்கட்டும் அக்கா” என்றார் அவர். தலைவலி மறந்து மனைவியும் சிரித்தாள். அச்சட்டை உலர்ந்ததும் வந்தவரெல்லாம் கண்டு களிக்கட்டுமென்று அடுப்பருகே ஆணியில் மாட்டிவைத்தனர்.

மறுநாள் மாலை பெருமழை பிடித்தது. நனைந்து நீர் சொட்டச் சொட்ட வந்த மிளகு, பல் கிட்டிப் பேச்சு வராமல் நின்றாள். மாற்றுச் சட்டைகள் யாவும் கொடியில் ஈரமாய்க் கிடந்தன. “போ போ, ஏதாவது காஞ்சதை மாத்திக்க” என்று தாய் விரட்ட, குளிரில் கண் தெரியாமல் கைக்கு எட்டியதை ஆணியிலிருந்து இழுத்துக்கொண்டு அவள் உள்ளறைக்கு ஓடினாள். அத்தை உண்பலகையருகே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்; தந்தை கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து மகள் வந்து அடுப்பின்முன் நின்றாள்.

சட்டை அவளுக்குச் சரியாக இருந்தது.

தோள் தோளில் அமர்ந்திருந்தது, விளிம்பு இடையில் முடிந்திருந்தது, எங்கும் இறுக்கவில்லை. சிறுபிள்ளைக்குத்தான் ஆகும் என்று நேற்று மூவரும் நகைத்த அதே சட்டை. மணிக்கட்டின் எலும்பும், கழுத்தடியின் குழியும், முதுகில் துருத்திய தோள்பட்டையும் விளக்கொளியில் வெளிப்பட, தான் அணிந்திருப்பது எதுவென்று அப்போதுதான் உணர்ந்த பெண், இரு கைகளாலும் தன்னைத் தானே மறைத்துக்கொண்டாள். நறுக்கிய காய் நறுக்கியபடி கிடந்தது. அத்தைதான் முதலில் தம்பியின்பால் திரும்பி, “ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறியே. வீட்டுல இருக்கிறது தெரியலையாடா நமக்கு?” என்றாள், சொல்லிவிட்டு அழுதாள்.

தாய் அழவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாய்த் தான் பின்னிக் கொடுத்த பெருஞ்சட்டைகள் ஒவ்வொன்றும் அவள் கண்முன் வந்து நின்றன. மகள் தன் அன்பை நாடி வரவில்லை, ஒளிவதற்கு இடம் தேடி வந்தாள். அவ்விடத்தைக் கேட்கக் கேட்க அகலமாக்கித் தந்தவள் தானே என்று அவள் நெஞ்சு அவளைச் சுட்டது.

அதன்பின் அவ்வீடு பட்ட பாட்டை விரித்துரைத்தல் வேண்டா. கெஞ்சினர், அதட்டினர், தந்தை ஒருநாள் தட்டைத் தரையில் வீசிவிட்டு, சிதறிய பருக்கைகளைத் தாமே பொறுக்கினார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். “ஊட்டுங்க, ஆனா திணிக்காதீங்க. பேசுங்க, ஆனா துருவாதீங்க. இதுக்கு நாளாகும், வாராவாரம் கூட்டிட்டு வாங்க” என்றார் அவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்த தாய்க்கு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் விளங்கவில்லை.

இனி மறைக்க இடங்கொடேன் என்று ஒரு காலை வெகுண்டு, பெரிய சட்டைகளையெல்லாம் பெட்டியிலிட்டுப் பூட்டினாள். அன்று முழுதும் அப்பெண் உதடு நீலம் பாரித்து அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். உண்ணாத உடம்பில் சூடு ஏது? மாலைக்குள் தாயே பூட்டைத் திறந்து, பெரிய சட்டையை எடுத்து மகள்மேல் போர்த்தினாள். போர்த்தினால் மறைகிறது, போர்த்தாவிட்டால் நடுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் அவளுக்குப் புலப்படவில்லை.

அன்று போர்வைக்குள்ளிருந்து மிளகு சொன்னாள்: “நான் வேணும்னு செய்யலம்மா. பசிக்குது. ஆனா தட்டைப் பாத்தா பயமா இருக்கு.”

“எதுக்குடி பயம்? உங்கம்மா சமைச்சதுதானே?”

“தெரியலம்மா.” போர்வையை முகத்திலிருந்து விலக்கி, “எனக்குப் புதுசா ஒண்ணு பின்னு. தொளதொளன்னு வேணாம். என் அளவுக்கே பின்னு. கதகதப்பா” என்றாள்.

வாழ்நாளில் முதன்முறையாக அவள் ஓர் உடம்பை அளந்தாள். நாடா இல்லாமையால் நூலையே எடுத்து, கைகளை உயர்த்தி நின்ற மகளின் மார்பைச் சுற்றிக் கொணர்ந்து, முனை முனையைத் தொட்ட இடத்தில் அறுத்தாள். அறுத்த இழை அவள் கையில் அத்துணைச் சிறிதாய் இருந்தது. அதைச் சுருட்டிப் பால்குவளைக்குள் இட்டுவைத்து, இருபுரி நூலெடுத்து, ஒரு கண்ணியும் மிகாமல் பின்னத் தொடங்கினாள். அடுப்பு வேலைக்கிடையிலும், மருத்துவரின் வாயிலில் காத்திருந்த பொழுதிலும், மகள் ஒரு கவளத்தை விழுங்குவதா வேண்டாவா என்று தயங்கியிருந்த பொழுதிலும் பின்னினாள். அவளைப் பாராததுபோல் பார்த்துக்கொண்டிருக்க ஊசிகள் ஓர் உதவி. சில நாள் மிளகு பாதித் தட்டு உண்டாள். அந்நாள்களில் ஊசிகள் விரைந்தன. சில நாள் ஒன்றும் இறங்கவில்லை. அந்நாள்களிலும் அவை நிற்கவில்லை. வேறென்ன செய்ய அவளுக்குத் தெரியும்?

சட்டை முடிந்தது மற்றுமொரு சாம்பல் மாலையில். உலை கொதித்துக்கொண்டிருந்தது. மகள் அதைத் தலைவழி அணிந்து, கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு, தாய்முன் வந்து நின்றாள்.

தோள்கள் சரிந்து தொங்கின. முதுகில் துணி மடிந்து வீழ்ந்தது.

“கை தளர்ந்துபோச்சு போலிருக்கு எனக்கு. வயசாகுதுல்ல” என்றாள் தாய்.

“நல்லாத்தான் இருக்கும்மா” என்றாள் மகள், தரையைப் பார்த்தவாறே.

தாய் திரும்பிப் பால்குவளைக்குள் விரல்விட்டு அந்த இழையை எடுத்தாள். ஏதோ மடிப்பைச் சரிசெய்வாள்போல் மகளின் சட்டைமேல் அதைச் சுற்றிப் பிடித்தாள். சட்டைக்கும் இழைக்கும் ஒரு மயிரிழை வேறுபாடும் இல்லை. அவள் கை தவறவில்லை. பின்னி முடிப்பதற்குள் பிள்ளைதான் குறைந்துவிட்டாள்.

இழை நழுவி விழுந்தது. அவள் மகளை அருகிழுத்து, முதுகுப்புறத்தில் மிகுந்திருந்த கம்பளியையெல்லாம் ஒரு கைப்பிடிக்குள் கொத்தாய்த் திரட்டி இறுகப் பற்றினாள். அப்படிப் பற்றியபோது சட்டை சரியாக இருந்தது.

“விடும்மா” என்றாள் மிளகு, மெல்ல.

“விட மாட்டேன்.”

உலை பொங்கி வழிந்து அடுப்பைச் சீறவைத்தது, இருவரும் அசையவில்லை. அன்பரே, இதற்குமேல் உமக்குச் சொல்லத்தக்க ஆறுதல் எம்மிடம் இல்லை. அவள் பிள்ளை பிழைத்தெழுந்ததா என வினவுவீராயின், அவளும் அன்று அதை அறியாள். ஒரு கைப்பிடியளவு கம்பளி மிகுந்திருந்தது; அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.