பதினெட்டாவது முகம்

2005 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, சிதம்பரம் கீழவீதி பொன்மணி ஸ்டுடியோவின் மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மலர்க்கொடியின் முகம் அவளுடைய செத்துப்போன அக்காவின் முகமாக மாறியது. பதினோரு நிமிடம் அப்படியே இருந்தது. ஸ்டுடியோக்காரர் ஜெயப்பிரகாஷ் அதற்குள் நாலு படம் எடுத்துவிட்டு, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

முந்தின மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளைக்குக் கிழக்கே கடல் ஊருக்குள் வந்தது. ஆட்களைக் கொண்டுபோனதோடு நிற்காமல், சுவரில் மாட்டியிருந்த படங்களையும் கொண்டுபோய்விட்டது. மலர்க்கொடி அப்போது அண்ணாமலை நகரில் ஒரு மெஸ்ஸில் மாணவர்களுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் தப்பினாள். அக்கா தமிழ்ச்செல்வி தப்பவில்லை. முப்பதாம் நாள் மாலை போட ஒரு படம் வேண்டுமே. படம் இல்லாமல் செத்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. சாயல் உள்ள உடன்பிறப்பை உட்காரவைத்து எடுத்து, மீசையோ மூக்குத்தியோ சேர்த்துச் சரிபண்ணிக்கொள்வார்கள். வீட்டு ஆள் ஒருவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, என்ன குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். தமிழ்ச்செல்வியின் புருஷன் தங்கராசு நின்றார். "அவ இப்டி மொறைக்க மாட்டா. கோவத்துலகூட வாயோரம் ஒரு சிரிப்பு இருக்கும்" என்றார். மலர்க்கொடி அந்தச் சிரிப்பை நினைத்தாள். தங்கராசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு நிமிடம் கழித்து அவள் முகம் திரும்பி வந்தது. இடது புருவத்துக்கு மேலிருந்த அம்மைத் தழும்பு மட்டும் வரவில்லை. போனது தழும்புதானே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

இப்படிப்பட்ட சேதிக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? அடுத்த வாரமே தில்லையம்மாள் மெஸ் வாசலில் வந்து நின்றாள். மகள் பொன்னியைக் கடலுக்குக் கொடுத்தவள். "என் பொண்ணுக்கும் ஒருதடவ உக்காரும்மா. சாயல் இல்லன்னா பரவால்ல. நான் சொல்றேன், நீ ஆயிடு." மலர்க்கொடிக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்து வருடத்தில் பதினேழு பெண்களுக்காக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் நண்டும் கருவாடும் கொண்டுவந்து கொடுத்தார்கள். முகத்தில் வந்துபோன பெண்கள் ஒவ்வொருத்தியும் ஏதோ ஒன்றை அவளிடம் விட்டுவிட்டு, அவளுடையது ஒன்றை எடுத்துப் போனாள். பொன்னிக்குப் பிறகு அவளுக்கு வாளை மீன் வாயில் வைக்க முடியாமல் ஆனது. கால் வைத்தே அறியாத ஒரு வீட்டின் பின்கதவுத் தாழ்ப்பாள் எப்படிச் சிக்கிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளிடமிருந்து மூக்கின் வளைவு போயிற்று, காதோர முடி போயிற்று, சிரிக்கும் சத்தம் போயிற்று. 2009 வாக்கில் கண்ணாடி முன் நின்றால், கண்ணாடி சற்று யோசித்துவிட்டுத்தான் ஏதாவதொரு முகத்தைக் காட்டியது. அவள் குத்துமதிப்பாகப் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மெஸ் மாஸ்டர் கொளஞ்சியப்பன் அவளை வெங்காயம் நறுக்கும் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடமெல்லாம் அவளுக்குத்தான். புருஷன் கதிர்வேல் 2004 சித்திரையில் வெல்டிங் வேலைக்கு மலேசியா போனவன். பாஸ்போர்ட் யாரோ ஒருவனிடம் சிக்கிக்கொள்ள, திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். அவன் பர்ஸில் வைத்திருந்த அவள் படம் வியர்வையில் ஊறி முதல் வருடமே வெளுத்துப்போயிருந்தது. வேறு அனுப்பச் சொன்னான். எந்த முகத்தை எடுத்து அனுப்புவது என்று தெரியாமல், அவள் ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்குச் சொன்னாள். அவளுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அவன் வந்து இறங்கும் நாளில் தன்னைப் பார்த்து, தடுமாறாமல் 'மலரு' என்று கூப்பிடவேண்டும். அதற்காகத் தன் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களையெல்லாம் விசாரித்தாள். தங்கராசு, "ஒங்கக்கா மாதிரிதான்" என்றார். கொளஞ்சியப்பன், "லட்சணமா இருப்ப" என்றார். அதை வைத்துக்கொண்டு யார் முகத்தை வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிர்வேலிடமே கேட்டாள்.

"என் மொகம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா மாமா?"

"அது எப்டி மறக்கும்? தெனமும் அதத்தான பாத்துக்கிட்டு கெடக்கறேன்" என்றான்.

அன்று அவள் வெகுநேரம் அழுதாள். அவன் தினமும் பார்க்கிற அந்த முகத்தைத் தானும் ஒருதடவை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

2011 கடைசியில் அடித்த புயல் கடலூரிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை மரம், கூரை, போன் கம்பம் எதையும் விட்டுவைக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் குரல் கேட்காமல் போன கதிர்வேல், ஏழு வருடம் செய்யத் துணியாததைச் செய்தான். தூதரகத்தில் போய் நின்று, பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரு தாள் எழுதி வாங்கிக்கொண்டு விமானம் ஏறினான். போன் மறுபடி கிடைத்தபோது, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். புருஷனுக்கு இப்படி அடையாளம் சொல்லவேண்டியிருக்கிறதே என்று அவளுக்குக் கூசியது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அன்று பச்சைப் புடவைக்காரிகள் நாலு பேர் நின்றார்கள். கதிர்வேல் பையோடு இறங்கி, நாலு பேரையும் பார்த்து, நாலு பேரையும் தாண்டிப் போனான்.

"மாமா" என்று அவள் பின்னாலிருந்து கூப்பிட்டதும், குரலைக் கேட்டுத் திரும்பினான். பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் குரலுக்குரியவளைத் தேடினான்.

அவள் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. நேரே கீழவீதிக்கு நடந்தாள். புயலில் ஓடு போன பொன்மணி ஸ்டுடியோவில் ஜெயப்பிரகாஷ் தார்ப்பாய் கட்டியிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, "கேமராவுக்குப் பக்கத்துல நின்னு சொல்லுங்க மாமா. நான் எப்டி இருந்தேன்?" என்றாள்.

கதிர்வேல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். எடது புருவத்துக்கு மேல ஒரு அம்மத் தழும்பு, அரிசி அளவுக்கு. தழும்பு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. மூக்கு நுனி லேசா கீழ பாக்கும். பார்த்தது. அவன் சொல்லச் சொல்ல, இத்தனை வருடம் வெளியூர் போயிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வீடு திரும்பியது. கடைசியாக, "சிரிச்சா வலது கன்னத்துல குழி விழும்" என்றான்.

அவளுக்குக் கன்னத்தில் என்றைக்கும் குழி விழுந்ததில்லை. இது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். அது யாருடைய குழி என்று ஒரு கேள்வி நெஞ்சில் வந்து குத்தியது. கேட்கவும் வாயெடுத்தாள். ஆனால் கண்ணைத் திறந்த அவன் அவளைப் பார்த்து, "மலரு" என்றான், தடுமாறாமல். எட்டு வருடம் அந்தக் குழிக்குள்தான் இவன் குடியிருந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. சிரித்தாள். குழி விழுந்தது. பதினோரு நிமிடம் கழிந்தும் அந்த முகம் போகவில்லை.

அவள் எழுந்து ஸ்டூலைத் தட்டி, அவனை உட்காரச் சொன்னாள்.

"அவருக்கு எதுக்கும்மா?" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"எனக்கும் எட்டு வருசம் ஆச்சுல்லண்ண. இவரும் எனக்கு எங்கியோ பாத்தவரு மாதிரிதான் இருக்காரு."

கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அவளும் சொன்னாள். நெற்றி, காதுமடல், தாடையில் பொறி பட்ட கறுப்பு. கடைசியாக, "நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேச மாட்டாரு. பொறுமையா கேப்பாரு" என்றாள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவளை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விட்டவனில்லை கதிர்வேல். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

அந்த வருடம் எடுத்த வாக்காளர் அட்டையில் அவள் கன்னத்துக் குழி தெரிகிறது. சரிபார்க்க வந்தவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. சாயங்காலம் மெஸ் வேலை முடிந்து வந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் சொல்வாள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.