போற வழியில் ஏறும் பற்றரி

மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பற்றரியை எப்படிச் சார்ஜ் பண்ணுவது என்று ஜெபரட்ணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தார். யோசிக்க அவருக்கு நேரம் இருந்தது. சீமெந்து ஆலை மூடிய நாளிலிருந்து அதுதான் அவருடைய உத்தியோகம்.

சண்டையால் புத்தூரை விட்டு மின்சாரம் போய் இரண்டு வருடமாகிவிட்டது. பெற்றோல் இல்லாத மோட்டார் சைக்கிள் கொட்டிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. அதன் பற்றரியில்தான் அவருடைய தகப்பனாரின் றேடியோ பாடியது. சாப்பிடுகிற நேரத்தில் ஒரு சின்ன பல்பும் எரிந்தது.

"நீர்வேலிக் கடையிலை குடுத்தால் ஜெனரேற்றரிலை ஏத்தித் தருவினம். ஆனால் ரெண்டு நாள் அங்கை கிடக்கும், அப்பு செய்தி இல்லாமல் இருக்கமாட்டார்," என்றார் மனைவி பொன்மலரிடம். "வீட்டிலை சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு மிதிக்கலாம். என்ரை முழங்கால் விடாது. எங்கடை சீவியத்துக்குத் தோதானது ஒண்டுதான். நீர் திருநெல்வேலிக்குப் படிப்பிக்கப் போறனீர்தானே. பற்றரியைக் கரியரிலை கட்டி டைனமோவிலை கொழுவிவிட்டால் போற வழியிலையே ஏறிவிடும். சும்மாதானே போறீர்."

அந்தச் 'சும்மா' பொன்மலருக்குச் சுருக்கென்றது. புத்தூரிலிருந்து திருநெல்வேலிக்குக் குண்டும் குழியுமான ஒழுங்கையெல்லாம் மிதித்துப் போய், நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டுத் திரும்பி மிதிப்பதற்குப் பெயர் சும்மா. வாய்கொடுக்கவும் களைப்பாக இருந்தது. "ஓம், கட்டுங்கோ," என்றாள்.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மிதிப்பது அவள். பற்றரியில் தண்ணீர் குறைந்தால் விடுவது அவர். கிணற்றுத் தண்ணீர் ஒருநாளும் விடக்கூடாது, அதிலுள்ள உப்பு பற்றரியைத் தின்றுவிடும் என்று பற்றரி வாங்கிய அன்றே கடைக்காரர் சொல்லியிருந்தார். அதற்காக மாரிமழையில் முற்றத்தில் பானை வைத்து, துணியால் வடித்துப் போத்தல்களில் அடைத்து, அலுமாரிக்குப் பின்னால் வைத்தவளும் பொன்மலர்தான்.

டைனமோ சில்லில் அழுந்தியதும் சைக்கிளை யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தது. கோப்பாய் வெளியில் எதிர்க்காற்றும் சேர்ந்துவிட்டால் இறங்கி நடக்கலாம் போலிருக்கும். நடந்தால் பற்றரி ஏறாது. அதனால் மிதித்தாள்.

"என்ன பொன்மலர், கரியரிலை ஆரை வைச்சுக் கட்டிக்கொண்டு திரியிறீர்?" என்று கூடப் படிப்பிக்கும் வினிபிரட் கேட்டாள்.

"மாமாவைத்தான்," என்றாள் பொன்மலர். இருவரும் சிரித்தார்கள். அன்று முதல் பாடத்தைப் பொன்மலர் கதிரையில் இருந்தபடியே படிப்பித்தாள்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் வருவது போல இருந்தது. திரும்பி வரும்போது இருபாலையில் இறங்கி டைனமோவைச் சில்லிலிருந்து தூக்கிவிட்டாள். சைக்கிள் தானாகப் போனது. எவ்வளவு சுகமாக இருந்ததோ அவ்வளவு குற்றமாகவும் இருந்தது. வீட்டில் சொல்லவில்லை.

பிறகு கொஞ்ச நாளில் றேடியோ செய்திக்கு நடுவில் முனகத் தொடங்கியது. பல்பு சிவந்து, கண்ணை மூடியது. ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திவிட்டுச் சாப்பிட்டார்கள்.

"பிள்ளை வழியிலை டைனமோவைத் தூக்கிவிடுறா போலை," என்றார் மாமனார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டார். ஜெபரட்ணம் புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒருநாள் செய்ததுதான் இப்படி வந்து நிற்கிறதோ என்று பொன்மலர் நினைத்தாள். மறுநாளிலிருந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. ஊருக்குள் சுற்றுவழியால் ஒரு வட்டம் போட்டு, பிறகு இன்னொரு வட்டம். சனங்கள் என்ன தேடுகிறாள் என்று பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் சாப்பிடவும் மனமில்லாமல் பாயில் விழுந்தாள். காலிரண்டும் அவளுடையவை போலவே இல்லை. இவ்வளவு மிதித்தும் றேடியோ முன்னையைவிடச் சீக்கிரம் அடங்கியது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், பற்றரியில் தண்ணீர் குறைந்திருக்குமோ என்று தானே பார்க்கப் போனாள். அலுமாரிக்குப் பின்னாலிருந்து போத்தலை எடுத்தாள். தண்ணீர் நின்ற மட்டத்தில் கண்ணாடியைச் சுற்றி வெள்ளையாக ஒரு படிவு. தினமும் கேத்திலுக்குள் சுரண்டுகிற அதே வெள்ளை. ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து குடிக்கிற தண்ணீர், அவளுக்குத் தெரியாதா.

"இது எங்கடை கிணத்துத் தண்ணி," என்றாள்.

ஜெபரட்ணம் கூரையைப் பார்த்தார். "அப்புவுக்குக் கிணத்துத் தண்ணியிலை போட்ட தேத்தண்ணி இறங்குதில்லை எண்டார். மழைத்தண்ணியிலை போட்டுக் குடுத்தனான். முடிஞ்சுபோச்சு. நீர் ஏசுவீர் எண்டு போத்தலை நிரப்பி வைச்சனான்."

"பற்றரிக்கும் இதைத்தான் விட்டனீங்களோ?"

"கொஞ்சந்தானே, ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சன். பிறகு பற்றரி இழுக்கத் தொடங்கினாப்போலைதான் விளங்கினது."

"விளங்கினது," என்றாள் பொன்மலர். "மாமா என்னைச் சொல்லேக்கை உங்களுக்கு விளங்கியிருந்தது. நான் ஊரெல்லாம் சுத்தேக்கையும் விளங்கியிருந்தது."

"சொல்ல வாய் வரேல்லை," என்றார்.

அவளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. பற்றரி போனதற்காக அல்ல. தன் கால்கள் நோவதைப் பார்த்துக்கொண்டே இந்த மனுசன் புட்டுச் சாப்பிட்டிருக்கிறாரே என்பதற்காக. கத்தவும் பலமில்லை. கொட்டிலுக்குள் போய் ஸ்பானரை எடுத்து வந்து, டைனமோவைக் கழற்றி, அவர் மடியில் வைத்தாள். கரியரிலிருந்து பற்றரியையும் அவிழ்த்து நிலத்தில் இறக்கினாள்.

பொழுது படும் நேரம் மாமனார் வழக்கம்போல றேடியோவைத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருகினார்.

"என்ன பிள்ளை, இண்டைக்குச் செய்தி இல்லையோ?"

"இருக்கு மாமா. உங்கடை மகனிட்டைக் கேளுங்கோ."

ஜெபரட்ணம் தொண்டையைச் செருமுவது கேட்டது. பொன்மலர் உள்ளே போய்ப் பாயை விரித்தாள்.